வகுத்தலும் வழங்குதலும்: மென்பொருட் களஞ்சியங்களின் பகுப்புமுறை பற்றிய ஒரு நோக்கு

1

பொருள்களை இனங்கண்டு வகுத்தல் அறிவுத் துறைகள் யாவற்றுக்கும் பொதுவான முதற்றொழில் எனலாம். தொகுத்துச் சுட்டலையும் வகுத்துக் காட்டலையும் நூலுக்குரிய உத்திகளுள் வைத்தெண்ணிய நன்னூலார் இதனை நன்குணர்ந்திருந்தார். எனினும், வகுக்கும் தொழில் ஒருபோதும் நடுவுநிலையில் நின்று நடைபெறுவதில்லை. எவற்றை ஒன்றாகச் சேர்ப்பது, எதற்குத் தனியிடம் கொடுப்பது, எதனை 'ஏனையவை' என்று ஒதுக்குவது என்னும் முடிவுகள் ஒவ்வொன்றிலும் வகுப்போனுடைய வாழ்க்கையும் தேவையும் மதிப்பீடும் படிந்துவிடுகின்றன. ஆகவே, காவியம் ஒன்றினை அதன் சமுதாயப் பின்னணியில் வைத்து நோக்குவது போலவே, பகுப்புமுறை ஒன்றினையும் நோக்குதல் சாலும்.

இக்கட்டுரை அத்தகைய நோக்குக்கு எடுத்துக்கொள்வது மென்பொருட் களஞ்சியங்களின் பகுப்புமுறையை ஆகும். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இயங்கும் செயலிகளைப் பொதி பொதியாகச் சேர்த்து, வேண்டியோர் எடுத்துக்கொள்ளும் வண்ணம் வைத்திருக்கும் சேமிப்பிடமே களஞ்சியம் எனப்படுகின்றது. நெல்லைச் சேமிக்கும் இடத்திற்கு எம்மவர் வழங்கிய பெயர் இங்கு வந்து பொருந்தியமை இனிய நிகழ்ச்சி. நெற்களஞ்சியத்திலே விதைநெல் வேறு, உணவுநெல் வேறு என்று பிரித்து வையாதவன் விதைப்புக் காலத்தில் இடர்ப்படுவான். மென்பொருட் களஞ்சியத்திற்கும் இது பொருந்தும்.

தமிழ்ச் சங்கத்தின் ஏட்டில் இத்தகைய பொருளுக்கு இடமுண்டோ என வினவுவோர் இருக்கலாம். களஞ்சியத்தின் வகைப்பெயர் ஒவ்வொன்றும் ஒரு சொல். அச்சொல் எதனைத் தழுவுகின்றது, எதனை விலக்குகின்றது என்று ஆராய்வது மொழியியலுக்கும் திறனாய்வுக்கும் உரிய பணி. அன்றியும், இப்பணியிலே தமிழ் மரபுக்குச் சொல்வதற்குச் சில உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு.

பகுப்புமுறை நன்றோ தீதோ என்று துணிவதற்கு ஓர் உரைகல் வேண்டும். அந்த உரைகல்லாகக் கண்டாவளையை இங்குக் கொள்கின்றோம். 1984ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்த கிளிநொச்சி மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளுள் கண்டாவளை ஒன்று. கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்பன ஏனைய மூன்று. பரந்தனும் முரசுமோட்டையும் தருமபுரமும் புளியம்பொக்கணையும் இப்பிரிவைச் சேர்ந்தவை. இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் காலபோகமும் சிறுபோகமும் செய்யும் கமக்காரர் வாழும் நிலம் இது. மாவட்டத்தின் அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. செயலிகளை ஆக்கக்கூடிய மாணவரும் அவற்றால் பயன்பெறக்கூடிய கமக்காரரும் ஒரே மாவட்டத்தில் வாழ்கின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே நிற்பது களஞ்சியம். அது இணைக்கும் பாலமாகின்றதா, தடுக்கும் வேலியாகின்றதா என்பதே எமது வினா.

2

தமிழிலே பொருள்வகை நோக்கிய பெருந்தொகுப்பு நிகண்டு ஆகும். திவாகரமும் பிங்கலமும் அவற்றின் வழிவந்த சூடாமணி நிகண்டும் சொற்களை அகரவரிசையிலே அடுக்கவில்லை. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்றவாறு பொருளுலகத்தைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளின்கீழும் அதற்கு வழங்கும் பல பெயர்களைத் தந்தன. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டினை யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே மாணாக்கர் மனனஞ் செய்தனர். ஆறுமுக நாவலரும் அதனை உரையுடன் அச்சேற்றினார். எம் நாட்டவர்க்கு இந்நூல் புதியதன்று.

நிகண்டின் அமைப்பினை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். அதன் முதற் பத்துத் தொகுதிகளும் பொருளிலிருந்து சொல்லுக்குச் செல்கின்றன. பதினோராந் தொகுதியாகிய ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி இதற்கு மறுதலையாக, சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்கின்றது. சூடாமணியில் இத்தொகுதி எதுகை பற்றி அமைந்துள்ளது. சொல்லின் ஓசையை மட்டும் நினைவிற் கொண்டவனும் அதனைத் தேடிக் காணலாம். பன்னிரண்டாந் தொகுதி மூன்று குணம், ஐந்து பூதம் என எண்ணினால் ஒருங்கு சேர்ந்தவற்றைக் கூறுகின்றது. ஒரே சொல் பல தொகுதிகளிலே வெவ்வேறு காரணம் பற்றி வருவதனை நிகண்டாசிரியர் குற்றமாகக் கொள்ளவில்லை. தேடி வருவோர் பல திசையிலிருந்து வருவர். ஆதலின் வாயில்களும் பல வேண்டும் என்பது அவர்தம் நூலமைப்பால் பெறப்படுகின்றது.

இதனால் நிகண்டு குறைவற்றது என்று கூறுதல் ஆகாது. தெய்வத்தை முதலிலும், உணவும் உலோகமும் மணியும் அடங்கும் பல்பொருளை ஆறாவதாகவும் வைத்த அதன் முறைவைப்பு, அது தோன்றிய சமுதாயத்தின் மேல்கீழ் ஒழுங்கைப் புலப்படுத்துவதே. மக்கட்பெயர்த் தொகுதியைப் படிப்போர் அரசரும் அந்தணரும் பெறும் இடத்தையும் உழைப்போர் பெறும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வகுத்தோனுடைய உலகம் வகுப்பிலே படியும் என்று மேலே கூறியதற்கு நிகண்டும் சான்றாகின்றது. ஆயினும் பல வாயில் என்னும் அதன் கொள்கை இன்றும் எமக்குப் பயன்படுவது.

3

இனி, மென்பொருட் களஞ்சியங்களை நோக்குவோம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பெருங் களஞ்சியங்களுள் ஒன்று டெபியன். 1993ஆம் ஆண்டு இயன் மேடொக் என்பவர் தொடக்கிய இம்முயற்சி, தன்னார்வலர் பலரின் உழைப்பால் வளர்ந்து, இன்று 60,000க்கு மேற்பட்ட பொதிகளைக் கொண்டுள்ளது. இத்துணைப் பொதிகளும் 50க்கு மேற்பட்ட பகுதிகளுள் அடக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பொதிக்கும் ஒரேயொரு பகுதிதான் உண்டு.

அப்பகுதிகளின் பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, அவை ஒரே அடிப்படையிலே பிறந்தவை அல்ல என்பது தெளிவாகும். விளையாட்டு, வரைகலை, ஒலி, மின்னஞ்சல், கணிதம் என்பன பயன் பற்றிய பெயர்கள். பைதன், பேர்ள், ரூபி, ஜாவா என்பன செய்நிரல் எழுதப்பட்ட மொழி பற்றிய பெயர்கள். க்னோம், கேடிஈ என்பன ஆக்கியோர் குழு பற்றிய பெயர்கள். நூலகம் ஒன்றிலே சில நூல்களை மருத்துவம், சோதிடம் என்று பொருள் பற்றியும், வேறு சிலவற்றைப் பனையோலையில் எழுதியவை, தாளில் எழுதியவை என்று கருவி பற்றியும், எஞ்சியவற்றை இன்ன மடத்தார் எழுதியவை என்று இடம் பற்றியும் அடுக்கிவைத்தால், மருத்துவ ஏடு தேடி வந்தவன் எந்த அடுக்குக்குச் செல்வான்? நன்னூலார் எண்ணிய பத்துக் குற்றங்களுள் மயங்க வைத்தல் என்பது இதுவே.

எடுத்துக்காட்டொன்று கூறலாம். லிப்ரே ஆபிஸ் என்னும் அலுவலகத் தொகுப்பின் விரிதாட் செயலி டெபியனிலே தொகுப்பான்கள் என்னும் பகுதியைச் சார்ந்துள்ளது. எழுத்தைத் திருத்தும் கருவிகளுக்குரிய பகுதி அது. கமக்காரர் அமைப்பொன்றின் பொருளாளர், பசளைக் கணக்கையும் அங்கத்தவர் சந்தாவையும் எழுதிவைப்பதற்கு ஒரு செயலியை நாடுகின்றார் எனக் கொள்வோம். கணக்கு, பதிவேடு என்னும் எண்ணத்துடன் வருபவர் எழுத்துத் திருத்தும் பகுதிக்குள் ஏன் நுழைவார்? பொருள் களஞ்சியத்தில் இருக்கின்றது. ஆனால் அவருக்கு அது இல்லாததே. நின்று பயனின்மை என்னும் குற்றத்துக்கு இது தக்க உதாரணம்.

அப்பகுதிப் பட்டியலிலே அமெச்சூர் வானொலிக்கு ஒரு தனியிடம் உண்டு; விவசாயத்துக்கு இல்லை. இதனை யாரோ வேண்டுமென்றே செய்த புறக்கணிப்பு என்று கொள்ளுதல் தவறாகும். வானொலிக் கலையில் ஈடுபட்ட கணினியாளர் பலர் அக்களஞ்சியத்திலே உழைத்தனர். தமக்கு வேண்டிய பொதிகளைச் செய்தனர். பொதிகள் பெருகவே தனிப்பகுதி தோன்றிற்று. கமக்காரர் அங்கு வரவில்லை. ஆகவே கமமும் வரவில்லை. உழைப்பவனின் வாழ்க்கையே வகைகளை ஈன்றது.

பெருவணிக நிறுவனங்களின் களஞ்சியங்களை நோக்கினும் நிலைமை வேறன்று. கூகுள் நிறுவனத்தின் பிளே கடையில் விளையாட்டு நீங்கலாக 30க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. அழகுக்கலை உண்டு, சித்திரக்கதை உண்டு, துணை தேடுவோர் சந்திக்கும் வகை உண்டு, வீட்டலங்காரம் உண்டு, பொருள் வாங்குதல் உண்டு. பயிர்ச்செய்கை என்றொரு வகை இல்லை. அப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையிலும் இல்லை. உலக மக்களுட் பெருந்தொகையினர் இன்னும் நிலத்தை உழுது வாழ்கின்றனர். எனினும் அவர்களுக்கான செயலியை ஆக்கியவர், கல்வி, வணிகம், கருவிகள் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றிலே அதனை ஒதுக்கிவைக்க நேர்கின்றது. நகரத்து நுகர்வோனுடைய ஒரு நாளை விடியலிலிருந்து இரவு வரை பின்தொடர்ந்தால் இவ்வகைகள் அனைத்தும் கிடைத்துவிடும். கண்டாவளைக் கமக்காரனுடைய நாள் அதிலே இடம்பெறவில்லை.

இங்கு ஒரு சிறு செய்தியையும் குறிப்பிடுதல் வேண்டும். 2018ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே பெய்த பெருமழையால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி மாவட்டம் வெள்ளத்தில் ஆழ்ந்தது. கண்டாவளைப் பிரிவு பெரும் பாதிப்புக்குள்ளாகியது. மழையளவும் குளத்து நீர்மட்டமும் வான்கதவு பற்றிய அறிவித்தலும் கூறும் செயலி ஒன்று உண்டெனின், அது வானிலையா, செய்தியா, விவசாயமா, உயிர்காப்பா? சுற்றுலாப் பயணி ஒருவன் குடை எடுப்பதா என்று அறிவதற்காகப் பார்க்கும் வானிலையும், வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு எப்பொழுது வெளியேறுவது என்று அறிவதற்காகப் பார்க்கும் வானிலையும் ஒன்றாகா. ஒரேயொரு பெட்டிக்குள் இரண்டையும் இடுவோர் பின்னதன் தன்மையை இழந்துவிடுகின்றனர்.

4

வகைகள் எவ்வாறாயினும் ஆகுக. தேடற்பெட்டியிலே சொல்லை இட்டால் வேண்டியது வந்துவிடுமே என்று கூறுவோர் உளர். இக்கூற்று ஓரளவு உண்மையே. பெயர் அறிந்த பொருளைத் தேடுவதற்கு வகை வேண்டியதில்லை. ஆனால் பெயரறியாப் பொருளைத் தேடுவோர்க்கு வகையே கைவிளக்கு. இப்படியும் ஒரு செயலி இருக்கக்கூடும் என்பதனையே அறியாதவர் எதனைத் தேடற்பெட்டியில் இடுவார்?

அன்றியும், தமிழிலே தேடுதல் தனக்கேயுரிய இடர்ப்பாடுகளை உடையது. நிலத்தொழிலைக் குறிக்கும் சொற்களை எண்ணிப் பார்க்க. அரசாங்கத் திணைக்களம் விவசாயம் என்கின்றது. வன்னி மக்கள் கமம் என்கின்றனர். பாடநூல்கள் பயிர்ச்செய்கை என்கின்றன. தமிழகத்தார் வேளாண்மை என்கின்றனர். மட்டக்களப்பிலோ வேளாண்மை என்னும் சொல் வயலில் நிற்கும் நெற்பயிரையே குறிக்கும். கமம் என்று தேடுபவனுக்கு வேளாண்மை என்று பெயர் சூட்டப்பட்ட செயலி கிடைக்காது போகின்றது. ஒருபொருட் பல்பெயர் என்று நிகண்டு வகுத்த சிக்கல் இதுதான். களஞ்சியம் ஒவ்வொரு வகைப்பெயரின் கீழும் அதற்கு வழங்கும் ஏனைய பெயர்களையும் சேர்த்துவைக்குமாயின், தேடுவோன் எச்சொல்லோடு வரினும் ஒரே வாயிலை அடைவான். நிகண்டு மனனஞ் செய்த பழைய மாணாக்கனுக்கு இது சொல்லித்தரவேண்டிய செய்தியன்று.

இதற்கு மறுதலையான சிக்கலும் உண்டு. இலங்கைப் பாடசாலைகளிலே பிரயோக மென்பொருள் என்று கற்பிக்கப்படுவதனைத் தமிழகப் பாடநூல்கள் பயன்பாட்டு மென்பொருள் என்கின்றன. கோப்புகளைச் சுருக்குதல், வட்டினைத் துப்புரவாக்குதல் முதலிய சில்லறைப் பணிகளைச் செய்யும் சிறு கருவிகளுக்கும் பயன்பாடு என்னும் சொல்லே இயல்பாக வந்து நேர்கின்றது. ஆகவே பயன்பாடுகள் என்று பெயரிட்ட வகை ஒன்றைத் தமிழ்ப் பட்டியிற் கண்டவன், களஞ்சியம் முழுவதையும் அது குறிக்கின்றதா, ஒரு மூலையைக் குறிக்கின்றதா என்று தெளியமாட்டான். பயன்படாத செயலி எது? யாவும் பயன்பாடுகளே எனின் அப்பெயரால் வகுக்கப்பட்டது யாது? மிகைபடக் கூறல் என்னும் குற்றம் ஒரே சொல்லிலே அமைந்துவிடுகின்றது.

இவ்விடர்ப்பாட்டுக்குக் காரணம் தமிழின் சொல்வறுமை அன்று. ஆங்கில வகைப்பெயரை எடுத்து, அதற்கு நேரான தமிழ்ச்சொல்லை அகராதியிலே தேடி ஒட்டியமையே காரணமாகும். வகுத்தல் வேறிடத்தில் நடந்து முடிந்துவிட்டது. தமிழுக்கு வந்து சேர்ந்தது பெயர்ப்பலகை மட்டுமே. சிறு கருவிகளைக் கைக்கருவிகள் என்று கூறினால் கமக்காரனும் மாணவனும் ஒருங்கே விளங்கிக்கொள்வர். அவ்வாறு கூறுவதற்கு, அவ்வகையினுள் என்ன இருக்கின்றது என்று மொழிபெயர்ப்பாளன் முதலில் திறந்து பார்த்திருத்தல் வேண்டும்.

5

ஒரு பொருளுக்கு ஓர் இடம் என்னும் கொள்கையின் மூலத்தை நூலகவியலிலே காணலாம். அச்சுநூல் ஒன்று இரண்டு அடுக்குகளில் ஒரே வேளையில் நிற்க முடியாது. ஆகவே அதற்கு ஓர் எண், ஓர் இடம். 1876ஆம் ஆண்டு மெல்வில் டூயி வெளியிட்ட தசாம்சப் பகுப்பு இக்கொள்கையின் பெருவெற்றி. எம் நாட்டு நூலகங்களிலும் வழங்குவது அதுவே. ஆயினும், அதன் இலக்கியப் பகுதியைப் பாருங்கள். 810 அமெரிக்க இலக்கியம், 820 ஆங்கிலம், 830 ஜெர்மன், 840 பிரெஞ்சு, 850 இத்தாலியம், 860 ஸ்பானியம், 870 இலத்தீன், 880 கிரேக்கம். உலகத்தின் ஏனைய இலக்கியங்கள் யாவும் 890இனுள் நெருக்கப்பட்டன. ஈராயிரம் ஆண்டு இலக்கியத்தையுடைய தமிழ் 894.811 என்னும் எண்ணைப் பெற்றது. எமது பல்கலைக்கழக நூலகத்திற் சங்க இலக்கியப் பதிப்பொன்றைத் தேடிச் செல்லும் மாணவன், அதன் முதுகிலே ஒட்டிய எண்ணில் 'ஏனையவை' என்னும் தீர்ப்பையும் சேர்த்தே எடுத்து வருகின்றான். இலக்கியத்துக்கு டூயி செய்தது எதுவோ, அதனையே இன்றைய செயலிக் கடைகள் பயிர்த்தொழிலுக்குச் செய்கின்றன.

இக்கொள்கைக்கு மாற்று ஒன்றினை உலகுக்கு வழங்கியவர் தமிழர் ஒருவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1892ஆம் ஆண்டு சீர்காழியிலே பிறந்த சீ. இரா. அரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக இலண்டன் சென்ற அவர், அங்கே கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட சில தகடுகளையும் திருகாணிகளையும் வேண்டியவாறு பூட்டிப் பல உருவங்களை ஆக்கலாம் என்பதே அதன் இயல்பு. ஆயத்தமாகச் செய்த பெட்டிகளுக்குள் நூல்களைத் திணிப்பதினும், ஒவ்வொரு நூலின் பொருளையும் சில அடிப்படை முகங்களாகப் பிரித்து, வேண்டும்போது இணைத்துக்கொள்ளுதல் நன்று என்னும் எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு இவ்வெண்ணத்தின் பயன். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களை அவர் நாளடைவிலே வகுத்தார்.

முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் வைத்து, கருவும் உரியும் சேர்த்துச் செய்யுளை நோக்கும் திணைமரபு எம் மனத்திலே இங்கு எழுவது இயல்பு. ஒரு செய்யுள் நிலத்தால் ஒரு திணையையும் உரியால் இன்னொன்றையும் சார்வதற்குத் திணைமயக்கம் என்று பெயரிட்டு இடங்கொடுத்தது அம்மரபு. அரங்கநாதன் அதிலிருந்தே தம் கொள்கையைப் பெற்றார் என்று கூறுவதற்கு இடமில்லை. ஒப்புமை நோக்கி மகிழ்வதோடு அமைதல் தகும்.

முகங்கள் என்னும் கருத்தினைக் கண்டாவளையின் வயற்றுண்டு ஒன்றைக் கொண்டு விளக்கலாம். நீர்ப்பாசனத் திணைக்களத்தார் அதனை இன்ன வாய்க்காலின்கீழ் உள்ள வயல் என்று அறிவர். கிராம அலுவலர் அதனைத் தம் பிரிவின் பெயரால் அறிவார். கமநல சேவை நிலையத்தின் ஏட்டிலே அது செய்கையாளன் பெயரோடு நிற்கும். காணிக் கந்தோரில் அதன் அடையாளம் அனுமதிப்பத்திரமோ உறுதியோ ஆகும். சிறுபோகத்துக்கு நீர் போதாத ஆண்டிலே, பயிர்ச்செய்கைக் கூட்டத்திற்கு அது பங்கு கிடைத்த வயலா, கிடையாத வயலா என்பதே வினா. உழுபவனின் வீட்டாருக்கோ அது பாட்டன் காலத்துப் பெயரொன்றால் வழங்குவது. இவற்றுள் எது மெய்யான வகை என்று எவரும் வழக்காடுவதில்லை. வயல் ஒன்றே; அதனிடம் வருவோரின் காரியம் பல. வருபவன் எம்முகத்திலிருந்து வந்தாலும் அதே வயலைச் சென்றடைதல் வேண்டும், அவ்வளவே.

கணினிக் களஞ்சியத்திலே பொதிக்கு முதுகும் இல்லை, அடுக்கும் இல்லை. ஓர் இடத்தில் மட்டுமே நிற்கவேண்டும் என்னும் கட்டாயம் தாளோடும் மரத்தட்டோடும் போயிற்று. இதனை உணர்ந்த டெபியன் தன்னார்வலர் சிலர், என்றிகோ சீனி என்பவரின் முயற்சியால், டெப்டாக்ஸ் என்னும் குறியிடுமுறையை உருவாக்கினர். இச்செயலி எதற்குப் பயன்படுவது, எவ்வகைத் தரவுகளைக் கையாள்வது, எத்துறையைச் சார்ந்தது, எம்மொழியில் எழுதப்பட்டது, எப்பண்பாட்டுக்குரியது என்றவாறு பல முகங்களிலிருந்து குறிகள் இடப்பட்டன. இம்முறையின் அடித்தளம் அரங்கநாதனின் முகப்பகுப்பே. சீர்காழியிலே பிறந்தவரின் சிந்தனை நூலகத்தைக் கடந்து கணினிக்குள் புகுந்து பயன் தந்தது. தமிழ்ச் சூழலிலே செயலிகளை வகுக்க முற்படுவோர் இதனை அறியாது, ஆங்கிலப் பட்டியலையே பெயர்த்து எழுதிக்கொண்டிருத்தல் வருந்தத்தக்கது.

6

முகப்பகுப்புமுறையின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. அரங்கநாதனின் முறையை நூலகவியலார் வியந்து போற்றினர். எனினும் அதனைக் கைக்கொண்ட நூலகங்கள் சிலவே. எளிமை டூயியின் பக்கம் நின்றது. பல குறிகளை இடுவதற்குப் பலருடைய பொறுமையான உழைப்பு வேண்டும். அவ்வுழைப்புத் தளர்ந்தால் குறியில்லாப் பொதிகள் குவிந்து முறை சிதையும். தவிரவும், குறிகள் நூற்றுக்கணக்கிற் பெருகினால் அவையே இன்னொரு காடாகிவிடும். சிறிய கண்ணாடித் திரையிலே விரலால் தொட்டுத் தேடுபவனுக்கு முந்நூறு குறிகளைக் காட்டுதல் உதவியாகாது.

ஆகவே, புறத்தே தெளிவான சில வகைகளும், அகத்தே பல முகக் குறிகளும் என்னும் இருநிலை அமைப்பே பொருத்தமானது எனத் தோன்றுகின்றது. வாசலிலே பத்து அல்லது பன்னிரண்டு பெயர்கள் போதும். நிகண்டும் பன்னிரண்டு தொகுதிகளோடு அமைந்தது. அப்பெயர்களைத் தேர்வதற்கு மூன்று நெறிகளை முன்வைக்கலாம்.

முதலாவது, வகைப்பெயர் பயனாளியின் காரியத்தைக் கூறுதல் வேண்டும். ஆக்கியோனின் கருவியையோ குழுவையோ கூறுதல் வேண்டா. 'எழுதுதல்', 'கணக்கு வைத்தல்', 'படம் வரைதல்', 'பயிர் செய்தல்', 'பாடம் படித்தல்' என்னும் பெயர்கள் வந்தவனை நோக்கிப் பேசுகின்றன. செய்நிரல் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது உள்ளே குறியாக நிற்கட்டும். அதனை நாடுவோன் அங்கே கண்டுகொள்வான்.

இரண்டாவது, 'ஏனையவை' என்னும் வகையை அடிக்கடி திறந்து பார்த்தல் வேண்டும். அதனுள் ஒரே இனத்துப் பொருள்கள் திரளுமாயின், எமது பகுப்பு யாரையோ மறந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. மறக்கப்பட்டவரைப் பெயரிட்டு வெளியே அழைத்து வருதல் வகுப்போனுடைய கடமை.

மூன்றாவது, பெயர்களை வழங்குவோரின் வாயிலிருந்து பெறுதல் வேண்டும். இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று எம்மிடமே உள்ளது. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் ஆவணங்களை நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள் என்று வகுத்ததோடு அமையாது, நினைவு மலர்கள் என்றொரு வகையையும் வகுத்தது. இறந்தோரின் வாழ்க்கைக் குறிப்பும் தேவாரத் திருமுறையும் வம்சாவளியும் சேர்த்து அச்சிட்டு வழங்கும் மலரை எமது சமூகம் நன்கறியும். டூயியின் பத்துப் பெரும் பிரிவுகளிலே அதற்கெனத் தனியிடம் இல்லை. எம்மவர் வாழ்க்கையிலே அவ்வெளியீட்டுக்கு உள்ள இடத்தை அறிந்தவர்களே அவ்வாறு வகுக்க முடிந்தது. எழுத்தாளர், பதிப்பாளர், வெளியான ஆண்டு என்னும் வேறு வாயில்களும் அங்கே திறந்துள்ளன. நினைவு மலருக்குச் செய்ததனைக் கமத்துக்கும் செய்யலாகாதா?

7

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மென்பொருட் களஞ்சியத்தின் பகுப்பு வெறும் ஒழுங்குவேலை அன்று என்பது பெறப்படும். வகைப்பட்டியல் ஒன்று, 'இவ்வுலகில் வாழ்வோர் இன்னின்னார். அவர்க்கு வேண்டியன இன்னின்னவை' என்று கூறும் ஓர் உரை ஆகும். அவ்வுரையிலே அழகுக்கலைக்கும் வானொலிக்கும் பெயர் உண்டு. கண்டாவளையின் தொழிலுக்குப் பெயர் இல்லை. பெயரில்லாத இடத்திலே பொருள் இருந்தும் பயனில்லை. பொருளை ஆக்க முன்வருவோரும் குறைவர். செயலியை ஆக்கும் இளைஞன் பட்டியலைப் பார்த்தே எதனை ஆக்குவது என்று எண்ணுகின்றான். காலியாகவேனும் ஒரு வகை இருந்தால் அது அவனை அழைக்கும். வகுத்தல் என்பது உள்ளவற்றை அடுக்குவதோடு, வரவேண்டியவற்றுக்கு இடம் ஒதுக்குவதுமாகும்.

இப்பணி பொறியியல் மாணவர் மட்டுமே செய்யக்கூடியதன்று. சொல்லின் எல்லையை அறிந்த தமிழ் மாணவரும், நூலகவியல் கற்றோரும், கமத்தை அறிந்த விவசாய பீடத்தாரும் கூடிச் செய்யவேண்டியது. முதலில் செய்யவேண்டியது மிகச் சிறிது: கண்டாவளையிலோ பூநகரியிலோ ஒரு பயிர்ச்செய்கைக் கூட்டத்திற்குச் சென்று, வந்திருப்போர் தத்தம் காரியங்களை எச்சொற்களாற் கூறுகின்றனர் என்று கேட்டு எழுதுதல். அச்சொற்களே புதிய நிகண்டின் முதல் ஏடு. பன்னிரண்டு தொகுதிகளுக்கும் பெயர் அங்கிருந்து கிடைத்துவிடும்.

களஞ்சியம் நிறைந்திருப்பது மட்டும் போதாது. விதைப்புக்கு வந்தவன் விதைநெல் இருக்கும் இடத்தைத் தானே கண்டு எடுத்துச் செல்லக்கூடியதாக அது இருத்தல் வேண்டும்.